பழைய கணக்கு நோட்டு பேசுமா?

உங்கள் வயதில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். எப்போதும் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான நோட்டில் அன்றைய கணக்கை எழுதுவார். எத்தனை மூட்டை உப்பு, எத்தனை ஆள் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு என்ன கூலி என்று எல்லாமே அதில் இருக்கும். பாட்டி சாப்பிடக் கூப்பிட்டால், "கணக்கு உதைக்குது, கொஞ்சம் பொறு" என்பார். ஓர் அணா குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பாடு.

தாத்தா இறந்த பிறகு அந்த நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. எனக்குப் பத்து வயது இருக்கும். பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. "எடுத்துப் போட்டுடு" என்றார் பாட்டி. தெருவில் வந்த பழைய பேப்பர்காரரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தேன். அவர் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுக் கை நிறையப் பேரீச்சம்பழம் தந்தார். மகிழ்ச்சியோடு தின்றேன்.

ஒரே ஒரு தாள் மட்டும் தப்பியது. பாட்டி அதை முன்பே கிழித்துச் சாமி அலமாரித் தட்டில் விரித்திருந்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன், பழைய கணக்கு நோட்டுகளைத் தேடித் தேடிப் படிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட சிலரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

இப்படி ஒரு படிப்பா?

"கணக்கு என்றாலே கசக்கிறது. அதிலும் பழைய கணக்கா?" என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் உலகின் பல பல்கலைக்கழகங்களில் இது ஓர் ஆராய்ச்சித் துறை. கணக்கு எழுதும் முறை எப்படிப் பிறந்தது, யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று ஆராய்பவர்கள் 1973-இல் தங்களுக்கென்று ஒரு கழகமே தொடங்கினார்கள்.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த செந்தில் பாபு, நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கணக்கு எப்படிச் சொல்லித் தரப்பட்டது, ஊர்க் கணக்கர்கள் நிலத்தையும் நெல்லையும் எப்படி அளந்தார்கள் என்பதைப் பழைய எண்சுவடிகளிலிருந்து ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2022-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது.

ராஜா ராணிக் கதைகளை எழுதப் புலவர்கள் இருந்தார்கள். உப்பு சுமந்தவர், சிப்பி எடுத்தவர், கப்பலில் மூட்டை ஏற்றியவர் ஆகியோரைப் பற்றி யார் எழுதினார்கள்? பல நேரங்களில் கணக்குப்பிள்ளை மட்டும்தான்! அதனால்தான் ஆராய்ச்சியாளர்களுக்குக் கணக்கு நோட்டு புதையல் மாதிரி.

கடற்கரையில் மூன்று குவியல்

தூத்துக்குடி என்றாலே முத்துதான் நினைவுக்கு வரும். இதற்கு அருகில்தான் பாண்டியர்களின் பழைய துறைமுகமான கொற்கை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கடலடியில் சிப்பிகள் கூட்டமாக வாழும் பாறைத் திட்டுகளுக்கு 'பார்' என்று பெயர். முத்துக் குளிப்பவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் அள்ளுவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார்.

படகு கரைக்கு வந்ததும் கணக்கு ஆரம்பம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. இதில் ஏமாற்று நடக்காமல் எப்படிப் பிரிப்பது?

அதற்கு ஓர் அருமையான வழி வைத்திருந்தார்கள். குளித்தவர்களே சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பிறகு அதிகாரி வந்து, எது அரசாங்கத்துக்கு, எது அவர்களுக்கு என்று கை காட்டுவார். தனக்கு எந்தக் குவியல் வரும் என்று பிரிப்பவருக்குத் தெரியாது. அப்படியானால் அவர் எப்படிப் பிரிப்பார்? மூன்றையும் சமமாகத்தான் பிரிப்பார்! வீட்டில் தம்பியோடு முறுக்கைப் பங்கு போடும்போது நீங்களும் இதைச் செய்து பாருங்கள். ஒருவர் பிரிக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். சண்டையே வராது.

அரசாங்கத்தின் பங்கு, ஆயிரம் சிப்பி இவ்வளவு ரூபாய் என்று ஏலம் போகும். வாங்குபவருக்கு உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதனால் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன்பே அதிகாரிகள் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். தேறாது என்று தெரிந்தால் அந்த ஆண்டு குளிப்பே கிடையாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதுதான்.

முத்துக்களைப் பல அளவுத் துளைகள் உள்ள பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். விலையிலும் ஒரு விசேஷம் உண்டு. ஒரு முத்தின் எடை இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். எடை மூன்று மடங்கானால் விலை ஒன்பது மடங்கு! உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் 'வர்க்கம்' முத்து வியாபாரிகளின் விரல் நுனியில் இருந்திருக்கிறது.

இந்தக் கணக்குகளில் வெறுமையான ஆண்டுகளும் உண்டு. சில ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பு நடக்கும். பிறகு பல ஆண்டுகள் ஒன்றுமே இருக்காது. பாரில் சிப்பி இல்லை என்று பொருள். ஆக, பணத்துக்காக எழுதி வைத்த கணக்கு, கடலின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பேராசிரியர் எஸ். அருணாசலம் தமிழகக் கடற்கரையின் முத்துக்குளிப்பு வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். அந்த நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1952-இல் வெளியிட்டது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு அப்படிப் பெரிய அளவில் நடக்கவில்லை. இன்று அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டுமானால் பழைய கணக்குகளிலும் குறிப்புகளிலும்தான் பார்க்க முடியும்.

முத்தைக் கல்லிலும் எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் சுவர்க் கல்வெட்டுகளைக் கவனியுங்கள். ராஜராஜ சோழன் காலத்தில் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. முத்து இத்தனை என்று மொத்தமாகச் சொல்லி நிறுத்தவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி என்று ரகம் ரகமாகப் பிரித்து, எண்ணிக்கையும் எடையும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆயிரம் ஆண்டு ஆகியும் கரையான் அரிக்காத கணக்கு நோட்டு அது!

கடல் கடந்த கணக்கு

1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். வந்தவர்கள் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த வியாபாரிகள். துணி, முத்து, சங்கு எல்லாம் அவர்கள் வியாபாரத்தில் இருந்தன.

தூத்துக்குடியில் எழுதிய கணக்கு கொழும்பில் இருந்த மேலதிகாரிகளுக்குப் போகும். அங்கிருந்து பிரதிகள் கப்பலேறி, இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவுக்கும் ஹாலந்துக்கும் போகும். கம்பெனி 1799-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் காகிதங்கள் இன்னும் இருக்கின்றன. ஹாலந்து, ஜகார்த்தா, கொழும்பு, தென்னாப்பிரிக்கா, நம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று பல இடங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடியே 50 லட்சம் பக்கங்கள்! 2003-இல் யுனெஸ்கோ இவற்றை உலகின் நினைவுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. மார்க்கஸ் விங்க் என்ற பேராசிரியர் இந்தக் காகிதங்களைப் படித்து, மதுரை நாயக்கர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் இருந்த உறவைப் பற்றி 2016-இல் நூல் வெளியிட்டார். அதற்கு டச்சு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. 350 ஆண்டுக்கு முந்தைய கோழிக் கிறுக்கல் கையெழுத்தையும் படிக்கத் தெரிய வேண்டும்.

ஐரோப்பிய வியாபாரிகள் கையாண்ட ஒரு முறைக்கு 'இரட்டைப் பதிவு' என்று பெயர். மேல்நிலை வகுப்பில் கணக்குப் பதிவியல் எடுக்கும் அண்ணன், அக்காவிடம் கேட்டால் சொல்வார்கள். ஒரு வியாபாரி 100 ரூபாய் கொடுத்து உப்பு வாங்குகிறார். பெட்டியில் பணம் 100 ரூபாய் குறைந்தது. கிடங்கில் சரக்கு 100 ரூபாய்க்குக் கூடியது. இரண்டையும் எழுத வேண்டும். எங்கிருந்து போனது, எங்கே சேர்ந்தது என்று ஒவ்வொரு காசுக்கும் இரண்டு பதிவு. கடைசியில் இரண்டு பக்கக் கூட்டலும் சமமாக வர வேண்டும். வராவிட்டால், என் தாத்தா சொன்னது போல, 'கணக்கு உதைக்கிறது'!

இந்த முறையை விளக்கி 1494-இல் வெனிஸ் நகரில் ஒரு கணித நூல் அச்சானது. எழுதியவர் லூக்கா பாசியோலி. ஓவியர் லியனார்டோ டா வின்சியின் நண்பர். ஆனால் முறையைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. இத்தாலிய வியாபாரிகள் அதற்கு முன்பே அப்படி எழுதி வந்தார்கள்.

நம் நாட்டு வியாபாரிகளிடம் அதற்கும் முன்பே இரட்டைப் பதிவு இருந்ததா? இருந்தது என்று 1986-இல் லால் நிகம் என்ற இந்தியப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் நோப்ஸ், அதற்குப் போதுமான சான்று இல்லையே என்று பதில் எழுதினார். பார்த்தீர்களா, ஆராய்ச்சி என்றால் இப்படித்தான். நம் ஊர்ப் பெருமை என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள முடியாது, சாட்சி வேண்டும். இந்த வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவை பழைய கணக்கு ஏடுகள். அவற்றில் எத்தனை கரையானுக்கும் அடுப்புக்கும் போயினவோ! நான் தின்ற பேரீச்சம்பழத்தை நினைத்துக்கொள்கிறேன்.

347 ரூபாய் 12 அணா

அந்த டச்சுக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் என்ன தெரியுமா? வி.ஓ.சி.! அதே மூன்றெழுத்தைத் தன் பெயரில் கொண்ட நம் வ.உ.சிதம்பரனார், வேறோர் அந்நியக் கம்பெனியை எதிர்த்துத் தூத்துக்குடியில் கப்பல் விட்டார். அவர் பெயர்தான் 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சூட்டப்பட்டது.

கப்பல் விட வீரம் மட்டும் போதாது, முதல் வேண்டும். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். பெருக்கிப் பாருங்கள், 10 லட்சம் ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அவை ஓடின.

வெள்ளைக்காரர்களின் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொள்வதாகக்கூட ஆசை காட்டியது. அவர்களுக்கு நட்டம் வராதா? வரும். ஆனால் பல கடல்களில் ஓடிய அவர்களுடைய மற்றக் கப்பல்களின் லாபம் அதை ஈடுகட்டும். சுதேசிக் கம்பெனி பெரும்பாலும் இந்த ஒரு வழியையே நம்பியிருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. குடும்பம் வறுமையில் வாடியது.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் இந்தத் தியாகிக்காகப் பணம் திரட்டியிருந்தார்கள். அது காந்தியடிகள் வழியாக வர வேண்டியிருந்தது. 1915-இல் காந்தியடிகள் இந்தியா திரும்பி, ஏப்ரலில் சென்னைக்கு வந்தார். இருவருக்கும் இடையே கடிதங்கள் போய் வந்தன. பணம் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது என்பது உடனே தெளிவாகவில்லை. மாதங்கள் ஓடின. 1916-இன் தொடக்கத்தில்தான் பணம் வ.உ.சி.க்கு வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா!

இந்தக் கதை நமக்கு எப்படித் தெரியும்? பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து வரிசைப்படுத்தி ஆராய்ந்ததால் தெரியும். அந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஒரு நூலும் எழுதினார். வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து 1984-இல் அவர் முதல் நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 17. உங்களில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களைவிட மூன்றே வயதுதான் பெரியவர்! பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். சுதேசிக் கப்பல் கம்பெனியின் முழு வரலாற்றை ஆங்கிலத்தில் 2023-இல் வெளியிட்டார். முதல் நூலுக்கும் இதற்கும் இடையே 39 ஆண்டுகள். 1908 திருநெல்வேலி எழுச்சி பற்றிய தமிழ் நூலுக்காக 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

அந்த 12 அணாவைக் கவனியுங்கள். அந்த 347 ரூபாயோடு அதையும் விடாமல் எழுதி வைத்தார்கள். பொதுப் பணம் என்றால் அரைக்கால் அணாவுக்கும் கணக்கு வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். அதனால்தான் நூறு ஆண்டு கழித்தும் நம்மால் அந்தப் பணத்தின் பாதையைத் தேடிப் போக முடிகிறது.

அலமாரித் தாளில் என்ன இருந்தது?

சொன்னபடி தாத்தாவின் தாளுக்கு வருகிறேன். ஆசிரியை ஆன பிறகுதான் அதை எடுத்து நிதானமாகப் படித்தேன். ஒரு பங்குனி மாதக் கணக்கு அது. நான்கு நாள் வரிசையாக மூட்டைக் கணக்கு. ஐந்தாம் நாள், எண்ணே இல்லாமல் ஒரு வரி: 'மழை. வேலை இல்லை. கூலி இல்லை.'

உப்பளத்தில் மழை பெய்தால் விளைந்த உப்பு கரைந்துவிடும். முதலாளிக்கு நட்டம். தொழிலாளிக்கோ அன்று அடுப்பே எரியாது. அந்த மூன்று சொற்றொடரில் எத்தனை வீட்டுப் பசி இருக்கிறது!

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வேலைக்கு வந்த ஆண்கள் நான்கு பேருக்கும் பெயர் எழுதியிருக்கிறார் தாத்தா. அதற்குக் கீழே, 'பெண் ஆள் 6' என்று மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை. கண் கூசும் வெயிலில் தலையில் உப்பு சுமந்து வரப்பில் நடந்த ஆறு பெண்கள். ஓர் அணா விடாத என் தாத்தா, ஆறு பெயர்களை விட்டுவிட்டார். அது அவர் ஒருவருடைய தவறு அல்ல. அந்தக் காலத்துக் கணக்கு நோட்டுகள் பலவும் அப்படித்தான் இருந்தன. கணக்கு வரலாற்றை ஆராய்பவர்கள் நோட்டில் இருப்பதைப் படிப்பதோடு நிற்பதில்லை. இல்லாதவர் யார், ஏன் இல்லை என்றும் கேட்கிறார்கள்.

அந்த ஆறு பேரின் பெயரும் வேறு நோட்டுகளில் எங்காவது இருந்திருக்குமோ? இருந்திருக்கலாம். அவற்றைத்தான் நான் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டேனே!

நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது பரணைப் பாருங்கள். பால் கணக்கு நோட்டு, மளிகைச் சிட்டை, மொய் நோட்டு, பழைய ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் பெரியவர்களைக் கேட்காமல் எறிந்துவிட வேண்டாம். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு பாட்டி? இந்தக் காசு எதுக்கு?" என்று கேளுங்கள். பாட்டி சொல்வதைத் தனித் தாளில் எழுதி, தேதி போட்டு, அந்த நோட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அப்படி எழுதும்போது எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியானால் 347 ரூபாய் 12 அணா என்பது மொத்தம் எத்தனை அணா?

2. ஒரு மஞ்சாடி எடையுள்ள முத்து 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையில் சொன்ன முறைப்படி, அதே தரத்தில் நான்கு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்து என்ன விலை?

3. ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டு வரவு செலவை எழுதுங்கள். ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டையும் குறியுங்கள். வாரக் கடைசியில் கணக்கு உதைக்கிறதா, பாருங்கள்!

(விடைகள்: 1. 5,564 அணா. 2. 80 ரூபாய்.)